சிப்பி பட்டன்

"லீவுக்கு வந்த இடத்தில் கல்லறைக்கு எதற்கு மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பெர்த்திலிருந்து இரண்டரை மணி நேரம் பறந்து புரூமுக்கு வந்திருந்தோம். கையில் இருந்தது மூன்று நாள். குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை, மாலை ஒட்டகச் சவாரிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தங்கை நீச்சல் உடைகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. "அரை மணி நேரம்தான், பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று நான் சொல்லிச் சமாளித்தேன். ஊர் திரும்பி இத்தனை நாள் ஆன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

புரூம் அழகான ஊர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், கிம்பர்லி பிரதேசத்தின் வாசலில் இருக்கிறது. விமானம் தாழும்போதே செங்காவி மண்ணும் அதையொட்டிப் பச்சை கலந்த நீலக் கடலும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடப்பது தெரியும். அந்த மண்ணை அங்கே பிண்டன் என்கிறார்கள். என் செருப்பில் ஒட்டியது பெர்த் வரைக்கும் கூடவே வந்தது. ஜூலை அங்கே மழை இல்லாத பருவம். வெயில் நம் தை மாத வெயில்போல இதமாக இருக்கும். கேபிள் பீச் 22 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. 1889இல் ஜாவாவிலிருந்து கடலடியில் இழுத்து வந்த தந்திக் கம்பி அங்கே கரையேறியதால் அந்தப் பெயர். அதன் தென்கோடியில், கான்தோம் முனையின் செம்பாறைகளில், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன. கடல் நன்றாக வற்றினால் மட்டும் வெளியே தெரியும். குழந்தைகள் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

நான் போனது முத்துக்காக. வாங்குவதற்கு இல்லை, அந்தச் சொல்லுக்காக. கொற்கை, மன்னார் வளைகுடா, முத்துக்குளித்தல் என்று கேட்டு வளர்ந்தவன் உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு முத்துநகரம் இருக்கிறது என்றால் போகாமல் இருப்பானா? டாம்பியர் டெரஸ் தெருவில் நகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிக்குள் கறுப்பு வெல்வெட்டில் கோலிக்குண்டு அளவுக்கு முத்துகள். தங்கை ஒரு ஜோடித் தோட்டைக் காதருகே வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். விலை அப்படி. அந்தக் கடைகளைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற எவரும், இந்த ஊரைக் கட்டியது முத்து என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கையில் வைத்த சிப்பி

மறுநாள் காலை ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு முதிய பெண்மணி வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மேசையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம். வெளிப்பக்கம் சொரசொரப்பாக, பழுப்பும் சாம்பலுமாக, பழைய ஓடுபோல இருந்தது. திருப்பினால் உள்ளே பால்வெளுப்பு; லேசாகச் சாய்த்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடி மறைந்தன. விளிம்பில் வெள்ளிக் கோடு. அதை வைத்துத்தான் வெள்ளி உதட்டுச் சிப்பி என்று பெயர். நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் கனம். "இதற்காகத்தான் எல்லோரும் வந்தார்கள்" என்றார். முத்து எங்கே என்று கேட்டேன். "முத்து அதிர்ஷ்டத்துக்குக் கிடைப்பது. தொழில் இதுதான். இதை வெட்டி பட்டன் செய்தார்கள்."

பட்டன். சட்டைப் பட்டன். 1883இல் ஊர் அமைந்தது முதல் 1950கள் வரைக்கும் புரூமின் பிழைப்பு அதுதான். 1910 அளவில் ஏறக்குறைய 400 பாய்மரப் படகுகள் அங்கிருந்து கடலுக்குப் போயின, லக்கர் என்பார்கள். அவற்றை நம்பி 3,500க்கும் மேற்பட்ட ஆட்கள் இருந்தார்கள். மேலே வந்த சிப்பியைச் சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து, டன் கணக்கில் லண்டன் ஏலத்துக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பட்டறைகள் அதை வட்டமாக வெட்டித் துளையிட்டன. அபூர்வமாக முத்து கிடைத்தபோது அதற்கென்று ஒரு தனி உலகம் இருந்தது. இலங்கையிலிருந்து போன டி. பி. எல்லீஸ் என்ற சிங்களவர் புரூமில் பேர்போன முத்து வைத்தியர். குறையுள்ள முத்தின் மேல்தோலைச் சிறுகத்தியால் உரித்து உரித்து, உள்ளே பழுதில்லாத தோல் இருக்கிறதா என்று தேடுவார். கிடைத்தால் விலை பன்மடங்கு. இல்லையென்றால் உரித்ததெல்லாம் தூசி. அந்தக் கதை யாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. ஆனால் ஆட்களைக் கடலடிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது அந்த முத்து இல்லை. பிளாஸ்டிக் பட்டன் வந்ததும் சிப்பி விலை விழுந்தது, ஊரும் கூடவே விழுந்தது. இன்று கடைகளில் மின்னும் வளர்ப்பு முத்து 1956இல் குரி விரிகுடாவில் பண்ணை போட்ட பிறகு வந்தது. முத்துநகரம் என்ற பெயருக்குள் இருக்கும் முத்தில் பெரும்பாலானவை என் தாயைவிட வயதில் இளையவை.

அப்பாவின் டப்பா

அப்பா தையல்காரர். எங்கள் வீட்டில் எந்தத் துணியும் பட்டனோடு குப்பைக்குப் போனதில்லை. பழைய சட்டையைக் கரித்துணியாக்கும் முன் பட்டன்களை அறுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார். விடுமுறை நாட்களில் அதைக் கவிழ்த்து நிறம் நிறமாகப் பிரிப்பது என் வேலை. அதில் ஒரு சிறு கூட்டத்தை மட்டும் அப்பா தனியாக, மடித்த காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். வெள்ளை பட்டன்கள்தான், பார்த்தால் மற்றவற்றிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்றை எடுத்து என் கீழுதட்டில் வைத்தார். சில்லென்று இருந்தது. பிறகு பிளாஸ்டிக் பட்டன் ஒன்றை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. "சிப்பி உன் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழுக்காது" என்றார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிலவற்றின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கீற்று இருந்தது. அழுக்கு என்று நான் நகத்தால் சுரண்டினேன். "அது போகாது. அது சிப்பியின் முதுகு."

கல்யாணச் சட்டைக்கு மட்டும் அதை எடுப்பார். தைத்து முடித்ததும் ஒவ்வொரு பட்டனையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் சட்டையை மடிப்பார். அவை எந்தக் கடலிலிருந்து வந்தன என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அருங்காட்சியகத்தில் அந்தக் கனமான சிப்பியைத் திருப்பியபோது, விளிம்பில் அதே பழுப்பு. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நகத்தால் சுரண்ட வேண்டும் என்று கை துடித்தது. அங்கிருந்துதான் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். தொண்டை அடைத்துக்கொண்டதால் சொல்லவில்லை.

கயிறு

புரூமின் ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் 707 கல்லறைகள், 919 பேர். முதல் அடக்கம் 1896இல். சிவப்பு மண்ணில், கடற்கரைப் பாறையை அப்படியே நட்டுவைத்ததுபோல் செவ்வண்ணக் கற்கள். பல கற்கள் செதுக்கி வழவழப்பாக்கப்படாதவை. அவற்றில் மேலிருந்து கீழாக ஜப்பானிய எழுத்துகள். வகயாமா மாகாணத்தின் தைஜி முதலான கடலோர ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள்தான் பெரும்பாலும். கடலில் போய் உடல் கிடைக்காத பலருக்கு இங்கே தனிக் கல் கிடையாது. 1887இல் ஒரு புயலில் 140 பேர், 1908இல் ஏறத்தாழ 150 பேர், 1935இல் லாசிபீட் தீவுகளருகே 141 பேர் என்று படகுகளோடு போயிருக்கிறார்கள். அவர்களில் ஜப்பானியர், மலாய்க்காரர், தீமோர்ப் பக்கத்தவர் எல்லோரும் உண்டு. பக்கத்திலேயே சீனர்களின் கல்லறைகள். குழந்தைகள் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். தங்கை வாசல் பலகையை வாய்விட்டுப் படித்தாள். 1914ஆம் ஆண்டில் மட்டும் மூழ்குவோர் முடக்கத்தால் 33 பேர் இறந்தார்கள் என்று அதில் இருந்தது.

மாப்பிள்ளை அதுவரை ஒன்றும் பேசவில்லை. ஒரு கல்லின் முன்னால் குனிந்து நின்றவர், நிமிராமலே கேட்டார்: "இவர்களுக்குக் கயிறு பிடித்தது யார் மச்சான்?"

நம் பக்கத்தில் முத்துக்குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்பது தெரிந்த கதை. உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, ஆகவே அவன் கண் அயர மாட்டான். கயிறு அசைந்ததும் இழுத்துவிடுவான். மூச்சடக்கி இறங்குகிற தொழிலில் இழுக்கிற வேகம்தான் உயிர். மாப்பிள்ளை அதை மனத்தில் வைத்துத்தான் கேட்டார். புரூமில் அந்த இடத்தில் டெண்டர் என்று ஒருவர் நின்றார். கீழே இருப்பவர் செம்புத் தலைக்கவசமும் கான்வாஸ் உடையும் ஈயக் காலணியும் போட்டுக் கடலடியில் நடந்து சிப்பி பொறுக்குவார். மேலே படகு மெல்ல நகரும். கூட்டாளிகள் பம்பைச் சுற்றிச் சுற்றிக் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். டெண்டர் கையில் உயிர்க்கயிறு. எத்தனை இழுப்பு என்பதுதான் இருவருக்கும் இடையில் பேச்சு. நம் மச்சானைப் போலவே அவரும் கண் அயராமல் நின்றிருப்பார்.

ஆனால் அங்கே வேகமாக இழுப்பதுதான் கொன்றது. ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்து சேர்கிறது. நின்று நின்று மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். சட்டென்று வந்தால், சோடா புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குகிற மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் கட்டினால் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விடும். வாசல் பலகை சொன்ன மூழ்குவோர் முடக்கம் இதுதான். மேலே வந்து தலைக்கவசத்தைக் கழற்றி, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, அதன் பிறகு விழுந்தவர்கள் இருந்திருக்கலாம். பாசத்தோடு, பதற்றத்தோடு இழுத்த கையே அவரைக் கொண்டுவந்து சாவில் விட்டிருக்கும். அந்தக் கல்லின் முன்னால் நின்று இதை நான் மாப்பிள்ளைக்குச் சொன்னபோது, அவர் என் கையைப் பார்த்தார்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம் இறங்கினால், மேலே வரும்போது எங்கெங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்ற அட்டவணையை ஜே. எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கணக்கிட்டு 1908இல் வெளியிட்டுவிட்டார். கல்லறைப் பலகை சொல்லும் அந்த 33 பேர் இறந்தது 1914இல். ஆறு வருடம். நிற்பதற்கு நேரம் வேண்டும். மூழ்குபவருக்குக் கூலி அவர் எடுத்த சிப்பியின் எடைக்கு. நடுக்கடலில் கயிற்றில் தொங்கிக்கொண்டு நிற்கும் நிமிடங்களுக்கு யாரும் கூலி தரவில்லை. வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறக் கூடாது என்று 1901இல் சட்டம் போட்ட நாடு, இந்த ஒரு தொழிலுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆசியர்களை அனுப்பிவிட்டு வெள்ளையரை இறக்கலாம் என்று 1912இல் பிரிட்டனிலிருந்து தேர்ந்த மூழ்குவோர் சிலரை வரவழைத்தார்கள். அவர்களில் குறைந்தது ஒருவர் அதே முடக்கத்தில் இறந்தார். அந்த முயற்சி அத்தோடு ஓய்ந்தது. ஜப்பானியர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கரையில் நிற்கும் பெண்

தலைக்கவசமும் பம்பும் வருவதற்கு முந்தைய கதை இதைவிடக் கொடியது. 1860களிலிருந்து இந்தக் கரையில் சிப்பி எடுத்தவர்கள் ஆதிக்குடி மக்கள். பலரை உள்நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். எந்தச் சாதனமும் இல்லாமல், வெற்றுடம்போடு, மூச்சை மட்டும் நம்பி இறக்கினார்கள். கர்ப்பிணிகளுக்கு நுரையீரல் வலு அதிகம் என்று ஒரு நம்பிக்கை. ஆகவே அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். பெண்களை இறக்கக் கூடாது என்று 1870களில் சட்டம் வந்தது என்றால், அதற்கு முன் எத்தனை பேரை இறக்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள். ரோபக் விரிகுடாக் கரையில் 2010இல் வைத்த வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது: நிறைமாதப் பெண் ஒருத்தி அலையைக் கிழித்துக்கொண்டு எழுகிறாள், கையில் சிப்பி. தங்கை அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். இரண்டு பிள்ளை பெற்றவள். "வயிற்றில் இருந்த குழந்தைக்கும் சேர்த்தல்லவா அண்ணா மூச்சடக்கியிருப்பாள்" என்றாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

அந்த மக்களுக்குச் சிப்பி புதிதும் இல்லை. புரூம் நிற்கும் மண் யாவுரு மக்களுடையது. வடக்கே பார்தி மக்கள் சிப்பியின் உட்புறத்தில் கோடுகள் செதுக்கிக் காவி தேய்த்து ரிஜி என்ற அணிகலன் செய்வார்கள். கைமாறிக் கைமாறி அந்தச் சிப்பி கடலையே பார்க்காத பாலைவனம் வரைக்கும் போனது. அங்கே அது தண்ணீரோடும் மழையோடும் சேர்ந்த புனிதப் பொருள். அதே சிப்பியை மூட்டை மூட்டையாக வெட்டியெடுக்க அவர்களையே சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பதை அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். புரூம் இதை மறைக்கவில்லை. பலகை வைத்திருக்கிறது, சிலை வைத்திருக்கிறது. 1916இல் திறந்து இன்றும் படம் ஓட்டும் சன் பிக்சர்ஸ் திறந்தவெளித் திரையரங்கில், எந்த நிறத்தவர் எங்கே உட்கார வேண்டும் என்று பிரித்து வைத்திருந்த காலத்தையும் சொல்கிறார்கள். சாய்வு நாற்காலியில் படுத்துப் படம் பார்த்துக்கொண்டு, தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானத்துக்குக் கைகாட்டிக்கொண்டு, நாங்களும் ஓர் இரவு அங்கே சந்தோஷமாக இருந்தோம். கல்லறை அங்கேதான் இருக்கிறது. போகாமல் விடுவது நாம்தான்.

பௌர்ணமி

கடைசி இரவு பௌர்ணமி. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை நிறைநிலவை ஒட்டிய இரவுகளில் ரோபக் விரிகுடாவில் நிலவுக்குப் படிக்கட்டு தோன்றும் என்பார்கள். கடல் வற்றிக் கிடக்கும் சேற்றுப்பரப்பில் வரிவரியாகத் தேங்கிய நீரில் நிலவொளி விழுந்து, கரையிலிருந்து நிலவு வரை படிக்கட்டு போட்டதுபோல் தெரியும். புரூமில் ஏற்றவற்றம் 10 மீட்டர் வரை போகும். அதனால்தான் அவ்வளவு தூரம் கடல் விலகுகிறது. கரையில் ஊரே கூடியிருந்தது. செம்மஞ்சளாக நிலவு எழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அமைதியானார்கள். 1942 மார்ச் 3 அன்று ஜப்பானிய விமானங்கள் சுட்டு எரித்த பறக்கும் படகுகளின் எலும்புக்கூடுகளும் அதே சேற்றில் கிடக்கின்றன. மிகவும் வற்றும் நாட்களில் தலைகாட்டும். அதில் இறந்த 88 பேருக்குக் குறையாதவர்களில் பலர் ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுப் பெண்களும் குழந்தைகளும்.

அருங்காட்சியகப் பெண்மணி சொன்ன ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. நிறைநிலவு நாட்களில் லக்கர்காரர்கள் சிப்பிக்கு இறங்க மாட்டார்கள். ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், நீரோட்டம் ஆளை இழுக்கும், அடி கலங்கிக் கை தெரியாது. நிலவு பாதியாக இருக்கும் நாட்களில், கடல் அடங்கியிருக்கும்போதுதான் வேலை. அப்படியானால் இந்தப் படிக்கட்டு தெரிகிற இரவுகள் அவர்களுக்கு ஓய்வு. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படியென்றால் அவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள்" என்றார். சின்னவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு நிலவு வெள்ளையாகிப் படிகள் கலையும் வரைக்கும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

அன்றிரவு விடுதியில் அப்பாவின் டப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். காலையில் அடைத்த தொண்டை அப்போது அடைக்கவில்லை. உதட்டில் வைத்துப் பார்க்கும் வித்தையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். நான் ஊர் வந்து மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெர்த்தில் பழைய பொருள் விற்கும் ஏதோ கடையில், கண்ணாடிக் குப்பியில் கலந்துகிடந்த பட்டன்களை அலசியிருக்கிறார். உள்ளங்கையில் நான்கு துளை வெள்ளை பட்டன் ஒன்று, கவிழ்த்து வைத்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: "சில்லென்று இருக்கிறது மச்சான். முதுகும் இருக்கிறது."